கோர்ட்டில் டைவர்ஸ் வாங்கியாச்சு... சர்ச்சில் மறுமணம் செய்ய முடியுமா? கத்தோலிக்கர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முழு விவரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை. நன்மை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போகிறார்கள். நடு பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தலைகுனிந்தபடி உட்கார்ந்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு கோர்ட்டில் டைவர்ஸ் வாங்கியவர். மறுமணம் செய்யவில்லை. "டைவர்ஸ் ஆனவங்க நன்மை வாங்கக் கூடாதும்மா" என்று சொந்தக்காரர் யாரோ சொன்னதை நம்பி, அன்றிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால், அப்படி ஒரு தடை கத்தோலிக்கச் சட்டத்தில் கிடையாது.

இன்னொரு பக்கம், "சர்ச்சிலேயே கல்யாணம் செல்லாதுன்னு தீர்ப்பு கொடுத்துட்டாங்க, அப்புறம் கோர்ட் எதுக்கு?" என்று நினைத்து இரண்டாவது திருமணத்துக்குத் தயாராகிறவர்களும் உண்டு. இது அதைவிட ஆபத்தான தவறு. கிரிமினல் வழக்கு வரை கொண்டுபோய் விடலாம்.

இந்த இரண்டு குழப்பத்துக்கும் காரணம் ஒன்றுதான். சர்ச் கல்யாணத்துக்குள் போகும்போது கதவு ஒன்று. வெளியே வரும்போது கதவு இரண்டு. அது எப்படி? ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

டைவர்ஸ் வாங்கினால் சர்ச்சை விட்டு விலக்கி வைப்பார்களா?

இல்லை. டைவர்ஸ் ஆனதாலேயே யாரையும் சபையை விட்டு விலக்கி வைக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. பூசைக்கு வரலாம். மறுமணம் செய்யாமல் தனியாக வாழ்பவர் என்றால் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நன்மை வாங்கலாம். மற்ற கத்தோலிக்கர்களுக்கு என்ன நிபந்தனையோ, அதேதான் இவர்களுக்கும்.

தன் தவறு எதுவும் இல்லாமல் துணையால் கைவிடப்பட்டவரையும், தானே திருமணத்தை உடைத்துவிட்டுப் போனவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதையும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகவே சொல்கிறது. பிள்ளைகளின் பாதுகாப்பு, சொத்து, சட்ட உரிமை போன்றவற்றைக் காக்க வேறு வழியில்லை என்றால் சிவில் கோர்ட்டில் டைவர்ஸ் வாங்குவதைச் சகித்துக்கொள்ளலாம் என்கிறது அதே ஏடு.

அதாவது, கோர்ட் படியேறியதே பாவம் என்று யாராவது சொன்னால் அது திருச்சபையின் போதனை அல்ல.

அடிக்கிற கணவனோடு சேர்ந்தேதான் வாழணுமா?

தேவையில்லை. "கடவுள் சேர்த்து வைத்ததைப் பிரிக்கக் கூடாதே" என்று சொல்லிப் பெண்களைத் திரும்ப அனுப்பி வைக்கும் குடும்பங்கள் பல. ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 1153-வது விதி வேறு மாதிரி சொல்கிறது. கணவனோ மனைவியோ தன் துணையின் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான ஆபத்து விளைவித்தால், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால், சேர்ந்து வாழ்வதைப் பெரிதும் கடினமாக்கினால், பிரிந்து வாழ்வதற்கு அது நியாயமான காரணம். சாதாரணமாக இதற்கு ஆயரின் அனுமதி வேண்டும். ஆனால் ஆபத்து நெருங்கிவிட்டால் அனுமதிக்காகக் காத்திருக்காமல் தானாகவே வெளியேறலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பிரிந்து வாழ்வதால் திருமண பந்தம் அறுந்துவிடாது. ஆனால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த பந்தம் குறுக்கே நிற்காது.

கோர்ட் டைவர்ஸ் ஆர்டர் கையில் இருக்கு. சர்ச்சில் மறுமணம் செய்யலாமா?

அந்த ஆர்டரை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

முறைப்படி நடந்து, தாம்பத்திய உறவும் நிகழ்ந்துவிட்ட இரண்டு ஞானஸ்நானம் பெற்றவர்களின் திருமணத்தை, மரணத்தைத் தவிர எந்த மனித அதிகாரமும் பிரிக்க முடியாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு. திருச்சபைச் சட்டத்தின் 1141-வது விதி இது. கோர்ட் கொடுக்கும் டைவர்ஸ், அரசாங்கத்தின் பார்வையில் திருமணத்தை முடித்து வைக்கிறது. திருச்சபையின் பார்வையில் அந்த இருவரும் இன்னும் கணவன், மனைவிதான்.

அதனால் பங்குத்தந்தையிடம் டைவர்ஸ் ஆர்டரை நீட்டினால், "முதல் திருமணம் செல்லாது என்று மறைமாவட்ட நடுவர் மன்றத்தின் தீர்ப்பு இருக்கிறதா?" என்றுதான் அவர் கேட்பார்.

'செல்லாது' என்ற தீர்ப்பும் டைவர்ஸும் ஒன்றா?

இல்லை. பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஒரு வீட்டை வாங்கி, பத்து வருடம் குடியிருந்து, பிறகு விற்றுவிட்டால் அந்தப் பத்து வருடமும் வீடு உங்களுடையது. டைவர்ஸ் அது மாதிரி. இருந்த திருமணம் இன்றோடு முடிகிறது.

அதே வீட்டின் பத்திரத்தில் மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பத்திரமே ஆரம்பத்திலிருந்து செல்லாது. சர்ச் தீர்ப்பு இந்த மாதிரி. திருமணத்தை அது முறிப்பதில்லை. "பீடத்தின் முன் நின்று சம்மதம் சொன்ன அந்த நாளிலேயே, ஒரு திருமணத்துக்குத் தேவையான முக்கியமான ஒன்று இல்லாமல் இருந்தது" என்று விசாரித்துச் சொல்கிறது.

அதனால் நடுவர் மன்றம் முக்கியமாகப் பார்ப்பது கல்யாண நாளையும் அதற்கு முந்தைய நாட்களையும்தான். அதற்குப் பிறகு நடந்த சண்டைகள், அந்த நாளில் என்ன குறை இருந்தது என்பதைக் காட்டும் சாட்சியமாக மட்டுமே பயன்படும்.

எந்தெந்தக் காரணங்களுக்காகச் செல்லாது என்று சொல்வார்கள்?

முக்கியமானவை இவை:

கட்டாயம், பயம்: "இவனைக் கட்டிக்கலைன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்று பெற்றோர் மிரட்டி, வேறு வழியில்லாமல் தலையாட்டிய திருமணம். அந்தப் பயம் கடுமையானது, தப்பிக்க இந்தத் திருமணத்தைத் தவிர வேறு வழி இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

ஏமாற்று: இல்லற வாழ்க்கையையே பாதிக்கக்கூடிய ஒரு விஷயத்தை, சம்மதம் வாங்குவதற்காகவே வேண்டுமென்று மறைத்திருந்தால். கடுமையான நோயை மறைப்பது ஒரு உதாரணம்.

மனதளவில் தகுதியின்மை: திருமணப் பொறுப்பு என்ன என்று எடைபோடும் மனநிலையே அப்போது இல்லாதது, அல்லது மனநலக் காரணங்களால் அந்தப் பொறுப்புகளைச் சுமக்கவே முடியாத நிலை. திருமணத்துக்கு முன்பே முற்றிப்போன குடி அடிமைத்தனமும் இந்த விதியின் கீழ் விசாரிக்கப்படுவதுண்டு.

உள்ளொன்று வைத்துச் சம்மதித்தல்: வாயால் சம்மதம் சொல்லிவிட்டு, மனதுக்குள் "பிள்ளையே பெத்துக்கப் போறதில்லை", "பழைய உறவை விடப் போறதில்லை", "ஒத்துவரலைன்னா விட்டுட்டுப் போயிடலாம்" என்று உறுதியாக முடிவெடுத்து வைத்திருப்பது. விசா வாங்குவதற்காக மட்டும் செய்த கல்யாணமும் இதில் வரும்.

உடலுறவுக்கு இயலாமை: திருமணத்துக்கு முன்பே இருந்து, நிரந்தரமாகவும் இருந்தால்.

தடைகள்: முந்தைய திருமண பந்தம் இருப்பது, நெருங்கிய ரத்த உறவு, உரிய அனுமதி இல்லாமல் ஞானஸ்நானம் பெறாதவரை மணந்தது போன்றவை.

குழந்தை இல்லை என்பது காரணம் ஆகுமா?

ஆகாது. குழந்தையின்மை திருமணத்தைச் செல்லாததாக்காது என்று 1084-வது விதியே சொல்கிறது. ஆனால், தனக்குக் குழந்தை பிறக்காது என்று மருத்துவ ரீதியாகத் தெரிந்தும், அதை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்த ஏமாற்று காரணமாகலாம்.

அதே போல, திருமணத்துக்குப் பிறகு ஏற்பட்ட கள்ள உறவு, மாமியார் சண்டை, கருத்து வேறுபாடு, பல வருடம் பிரிந்து வாழ்ந்தது ஆகியவை தனியாகக் காரணம் ஆகாது. "ரெண்டு பேருக்குமே இஷ்டமில்லை" என்பதும் போதாது. சந்தேகம் என்று வந்துவிட்டால், திருமணம் செல்லும் என்ற பக்கம்தான் சட்டம் சாயும்.

நடைமுறை எப்படி இருக்கும்?

முதலில் பங்குத்தந்தையைப் பார்க்க வேண்டும். அவர் மறைமாவட்ட நடுவர் மன்றத்துக்கு வழிகாட்டுவார். நேரடியாக மன்ற அலுவலகத்துக்கும் போகலாம்.

மனுவில் இருவரும் எப்படிச் சந்தித்தார்கள், பெண் பார்த்தது முதல் கல்யாணம் வரை என்ன நடந்தது, பிரச்சினை எப்போது ஆரம்பித்தது என்று எழுத வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கோர்ட் ஆர்டர் இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டியிருக்கும்.

மனு ஏற்கப்பட்டதும் எதிர்த்தரப்புக்குத் தகவல் போகும். இருவரையும் பொதுவாகத் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்கள். அதனால் முன்னாள் துணையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரையும் அறிந்த பெற்றோர், உடன்பிறந்தவர்கள், நண்பர்களின் சாட்சியத்துக்கு இங்கே மதிப்பு அதிகம். மனநலம் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் நிபுணரின் கருத்தும் கேட்கப்படும்.

இந்த விசாரணையில் ஒரு விசேஷம் உண்டு. கணவர், மனைவி இருவருமே "செல்லாது" என்று சொன்னாலும், "இல்லை, இந்தத் திருமணம் செல்லும்" என்று அந்தத் திருமண பந்தத்துக்காக வாதாட ஒருவர் கட்டாயம் நியமிக்கப்படுவார். அவர் இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. கடைசியில் வழக்கமாக மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு சொல்லும்.

எதிர்த்தரப்பு வரவே மாட்டேன் என்றால்?

வழக்கு நிற்காது. முறைப்படி தகவல் கொடுத்தும் அவர் வரவில்லை என்றால், இருக்கும் சாட்சியங்களை வைத்து மன்றம் தொடர்ந்து விசாரிக்கலாம். ஆனால் தகவலே கொடுக்காமல் ரகசியமாக முடிக்க முடியாது. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தராமல் கொடுத்த தீர்ப்பு பிறகு ரத்தாகும்.

எந்த மறைமாவட்டத்தில் மனு போடுவது?

திருமணம் நடந்த இடம், கணவரோ மனைவியோ வசிக்கும் இடம், சாட்சிகள் அதிகம் இருக்கும் இடம் ஆகியவற்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். திருமணம் தூத்துக்குடியில், மனைவி சென்னையில், கணவர் துபாயில் என்றால், மனைவி சென்னையிலேயே மனு கொடுக்க முடியும்.

எவ்வளவு நாள் ஆகும்? எவ்வளவு செலவு?

முதல் கட்ட விசாரணை ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, மேல்முறையீடு 6 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. சாட்சிகள் வராதது, ஆவணங்கள் கிடைக்காதது போன்ற காரணங்களால் நடைமுறையில் தாமதமாவதும் உண்டு.

முன்பு இதைவிடச் சிக்கல் அதிகம். ஒரு மன்றம் 'செல்லாது' என்று சொன்னால் மட்டும் போதாது, இரண்டாவது மன்றமும் அதையே சொல்ல வேண்டும் என்ற விதி 1741 முதல் இருந்து வந்தது. 2015-ல் போப் பிரான்சிஸ் அதை நீக்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 8-ம் தேதி முதல், யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் ஒரே தீர்ப்பு போதும் என்று ஆனது. இருவரும் சம்மதித்து, ஆதாரமும் பளிச்சென்று இருந்தால் ஆயரே தீர்ப்பளிக்கும் சுருக்கமான விசாரணை முறையும் அப்போதுதான் வந்தது.

முடிந்தவரை கட்டணம் இல்லாமல் நடத்த வேண்டும் என்றும் அந்த ஆணையில் கேட்டுக்கொண்டார் பிரான்சிஸ். அலுவலகச் செலவுக்காகக் கட்டணம் வாங்கும் இடங்களில், கட்ட முடியாதவர்கள் சலுகையோ முழு விலக்கோ கேட்கலாம். பணம் இல்லை என்பதற்காக மனு போடாமல் இருக்க வேண்டியதில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை: தீர்ப்பு வரும் முன் மறுமணத் தேதி குறிப்பது, மண்டபம் புக் செய்வது, பத்திரிகை அடிப்பது எதுவும் வேண்டாம். தீர்ப்பு சாதகமாகத்தான் வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. சாதகமாக வந்தாலும், முதல் திருமணத்தில் இருந்த குறை இன்னும் தீரவில்லை என்று மன்றம் கருதினால், தன்னிடம் கேட்காமல் மறுமணம் செய்யக் கூடாது என்று தடை போடவும் முடியும்.

கல்யாணமே செல்லாதுன்னா, பிள்ளைகள் நிலைமை என்ன?

மனு போடத் தயங்கும் தாய்மார்கள் பலரை உறுத்தும் கேள்வி இது. பதில் தெளிவானது. பிள்ளைகளுக்கு எந்தக் களங்கமும் வராது. பெற்றோரில் ஒருவராவது நல்லெண்ணத்தோடு நடத்திய திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137-வது விதி சொல்கிறது. ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர் மாறாது. ஜீவனாம்சம், சொத்து, பிள்ளைகள் யாரிடம் வளர்வது ஆகியவற்றில் சர்ச் தீர்ப்பு தலையிடாது. அதெல்லாம் சிவில் கோர்ட்டின் வேலை.

சர்ச் தீர்ப்பு மட்டும் இருந்தால் போதுமா?

போதவே போதாது.

இந்தியாவில் சர்ச்சில் நடக்கும் திருமணம், 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி சட்டப்பூர்வத் திருமணமும் கூட. குருவானவர் நடத்தி வைக்கும் அந்த ஒரே சடங்கில் திருச்சபையின் பார்வையிலும், அரசின் பார்வையிலும் திருமணம் ஆகிவிடுகிறது. உள்ளே போக ஒரு கதவு என்பது இதைத்தான். அந்தத் திருமணத்தை அரசின் பார்வையில் முடிக்கும் அதிகாரம் 1869-ம் ஆண்டின் டைவர்ஸ் சட்டப்படி நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

1996-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கேரளாவைச் சேர்ந்த ஒரு பெண், சர்ச் மன்றத்தில் முதல் திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கிவிட்டு, கோர்ட்டுக்குப் போகாமலேயே மறுமணம் செய்திருந்தார். சர்ச் தீர்ப்புக்குச் சட்டப்படி மதிப்பில்லை, முதல் கணவர் உயிரோடு இருப்பதால் இரண்டாவது திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சர்ச் மன்றத் தீர்ப்புகளை கோர்ட் டைவர்ஸுக்குச் சமமாக அங்கீகரிக்க வேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல வழக்கும் 2017 ஜனவரியில் தள்ளுபடி ஆனது.

துணை உயிரோடு இருக்கும்போது, சட்டப்படி பிரியாமல் இன்னொரு திருமணம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சர்ச் தீர்ப்பைக் காட்டி இதிலிருந்து தப்பிக்க முடியாது.

கோர்ட்டில் கிறிஸ்தவர்களுக்கு டைவர்ஸ் கிடைப்பது கஷ்டமா?

2001 வரை ரொம்பவே கஷ்டம். மனைவி கள்ள உறவு வைத்திருந்தாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு டைவர்ஸ் கிடைக்கும். ஆனால் மனைவி கேட்டால், கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் டைவர்ஸ் கொடுத்தாலும் அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும்.

2001-ல் கொண்டுவந்த திருத்தம் இதை மாற்றியது. கொடுமை, 2 ஆண்டுகள் கைவிட்டது, கள்ள உறவு போன்ற காரணங்கள் இப்போது ஆண், பெண் இருவருக்கும் பொது. உயர் நீதிமன்ற உறுதி தேவையில்லை. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழியும் 10-ஏ பிரிவு மூலம் வந்தது. அதற்கு 2 ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டப் புத்தகம். மற்ற மதத்தவர்களுக்கு 1 ஆண்டு என்று இருக்கும்போது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் 2 ஆண்டு என்று கேட்டு, 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை 1 ஆண்டாகக் குறைத்தது. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதைக் குடும்ப நல வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாப்பிள்ளை இந்து, பொண்ணு கத்தோலிக்கர் என்றால்?

ஆயரின் அனுமதி வாங்கினால் சர்ச்சில் திருமணம் செய்யலாம். மாப்பிள்ளை மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கு பற்றி மாப்பிள்ளைக்குத் தெரிவிப்பார்கள்.

ஆனால் அந்த மாப்பிள்ளை ஏற்கெனவே திருமணமாகி டைவர்ஸ் ஆனவர் என்றால் சிக்கல் இருக்கிறது. "அவர் இந்து முறைப்படிதானே கட்டினார், சர்ச்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பலர் நினைப்பார்கள். ஆனால் இரண்டு இந்துக்களுக்கு இடையே நடந்த திருமணத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை உண்மையான திருமணமாகவே மதிக்கிறது. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளில் நடந்த திருமணமும் அப்படித்தான். அதனால் அந்த முதல் பந்தம் பற்றியும் முதலில் தீர்வு காண வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவர்களின் திருமணம் என்றால், சில நிலைமைகளில் ஆயர் வழியாகவோ ரோமுக்கு விண்ணப்பித்தோ தீர்வு பெற வழி உண்டு.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. ஒரு கத்தோலிக்கர் சர்ச் அனுமதி எதுவும் இல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் மட்டும் திருமணம் செய்து டைவர்ஸும் ஆகியிருந்தால், சட்டம் கேட்கும் முறைப்படி அந்தத் திருமணம் நடக்கவில்லை என்பதால் சர்ச் அதைச் செல்லும் திருமணமாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆவணங்களைச் சரிபார்த்தே இதை முடித்துவிட முடியும். நீண்ட விசாரணை தேவைப்படாது.

ஏற்கெனவே ரிஜிஸ்டர் ஆபீஸில் மறுமணம் செய்துகொண்டவர்கள் நன்மை வாங்கலாமா?

முதல் திருமணம் செல்லாது என்ற சர்ச் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்தவர்கள் நன்மை வாங்குவதில்லை என்பது பொது விதி. பிள்ளைகளை வளர்க்க வேண்டியிருப்பது போன்ற காரணங்களால் பிரிய முடியாதவர்கள், தாம்பத்திய உறவு இல்லாமல் வாழ முடிவு செய்தால் நன்மை வாங்கலாம் என்று 1981-ல் இரண்டாம் ஜான் பால் விளக்கினார்.

2016-ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடல், விதியை மாற்றவில்லை. ஆனால் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்காமல், குருவானவர் கூடவே இருந்து ஒவ்வொருவர் நிலைமையையும் ஆராய வேண்டும் என்றது. சில நிலைமைகளில் அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று அதன் ஓர் அடிக்குறிப்பு சொன்னது. இதை உலகம் முழுக்க ஆயர்கள் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தவில்லை. எனவே சொந்தமாக முடிவெடுக்காமல் பங்குத்தந்தையிடம் மனம் திறந்து பேசுவதே வழி.

ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இப்படி மறுமணம் செய்தவர்களும் சபையை விட்டு விலக்கப்பட்டவர்கள் அல்ல. 2015 ஆகஸ்டில் பொதுச் சந்திப்பு ஒன்றில் பிரான்சிஸ் இதை வெளிப்படையாகவே சொன்னார். இவர்கள் பூசைக்கு வரலாம், ஜெபக் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கலாம்.

சுருக்கமாக...

* டைவர்ஸ் ஆகித் தனியாக வாழ்பவர் நன்மை வாங்கத் தடை இல்லை.

* சர்ச்சில் மறுமணம் செய்ய இரண்டும் வேண்டும்: மறைமாவட்ட நடுவர் மன்றத் தீர்ப்பு, சிவில் கோர்ட் ஆர்டர்.

* கோர்ட் ஆர்டர் மட்டும் இருந்தால் சர்ச்சில் மறுமணம் நடக்காது. சர்ச் தீர்ப்பு மட்டும் இருந்தால் மறுமணம் சட்டப்படி குற்றமாகலாம்.

* 'செல்லாது' என்ற தீர்ப்பால் பிள்ளைகளின் உரிமையோ பெயரோ பாதிக்காது.

* ஆபத்து என்றால் பிரிந்து வாழ்வது பாவமல்ல. உதவி எண்: 181.

* இரண்டு தீர்ப்பும் கைக்கு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்த பிறகே மறுமணத் தேதி குறிக்க வேண்டும்.

நடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எழுந்து நிற்க எந்த மன்றத்தின் தீர்ப்பும் வேண்டியதில்லை. பூசைக்கு முன் பங்குத்தந்தையிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும்.